புதுசா ஆரம்ப சுகாதார நிலையம் எங்க கட்டணும்னு யார், எதை வச்சு முடிவு பண்றாங்க?

ஏரிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். நான் விழுப்புரம் மாவட்டம், ஊர் பேரு இப்போதைக்கு வேணாம். எங்க பக்கம் ஏழு கிராமத்துக்கும் சேர்த்து புதுசா ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், அதான் பி.எச்.சி, வரப்போகுது. இப்ப நாங்க போறது 11 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பிளாக் பி.எச்.சிக்கு. பதினஞ்சு வருஷமா மனு குடுத்து குடுத்து இப்பதான் இடம் பாக்க வந்தாங்க, சந்தோஷப்படலாம்னா முடியல, ஏன்னா அவங்க பாத்து வச்சிருக்கிற இடம் மெயின் ரோட்லேர்ந்து ரெண்டரை கிலோமீட்டர் உள்ள, மூடிப்போன கல்குவாரிக்குப் பக்கத்துல தரிசு புறம்போக்கு. பஸ் கிடையாது, ஷேர் ஆட்டோ கிடையாது, மழை பேஞ்சா அந்த வண்டிப்பாதையில டூவீலரே சறுக்கும்.

எங்கம்மாவுக்கு 68 வயசு. போன ஆவணியில நாய் கடிச்சிருச்சு. நாய்க்கடி ஊசி கடிச்ச அன்னிக்கு ஒண்ணு, அப்புறம் 3, 7, 28வது நாள்னு மொத்தம் நாலு தடவை. முதல் நாள் நான் பைக்ல கூட்டிட்டுப் போனேன், மீதிக்கெல்லாம் அவங்களே டவுன் பஸ்ல போனாங்க. காலைல 8.20 பஸ்ஸை விட்டா அடுத்தது 11.45, அது போய் சேர்றதுக்குள்ள ஓ.பி கூட்டம் முடிஞ்சிரும். ஏழாம் நாள் ஊசி ஒன்பதாம் நாள்தான் போட்டாங்க. அந்த ரெண்டு நாளும் நான் சாப்பிடல, நெஞ்சு பதறிக்கிட்டே இருந்துச்சு.

புது இடம் எங்க வீட்லேர்ந்து நாலே கிலோமீட்டர்தான். ஆனா அந்த நாலுக்கு பஸ் இல்ல, 11க்கு பஸ் இருக்கு, அதுவும் 2021 மே மாசத்துலேர்ந்து டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாது. எங்கம்மா எங்க போவாங்கன்னு நீங்களே சொல்லுங்க. இதை யார்கிட்ட போய் சொல்றது, கணக்கு எப்படி போடறாங்க, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய எச்.ஐ:
தம்பி, நான் 31 வருஷம் சுகாதார ஆய்வாளரா இருந்து ரிட்டயர்டு ஆனவன், திண்டுக்கல் பக்கம். எனக்குத் தெரிஞ்சதை சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

பேப்பர்ல இருக்கிற விதி ரொம்ப எளிசு. சமவெளின்னா 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், மலை, பழங்குடி, போக முடியாத பகுதின்னா 20,000 பேருக்கு ஒண்ணு. துணை சுகாதார நிலையம், அதான் சப் சென்டர், 5,000க்கு ஒண்ணு, மலையில 3,000க்கு ஒண்ணு. இந்த யோசனைக்கு வேர் 1946ல அறிக்கை குடுத்த, ஜோசப் போர் (Bhore)ங்கறவர் தலைமையில இருந்த கமிட்டி. அவங்க கேட்டது இன்னும் பெருசு, 10,000லேர்ந்து 20,000 பேருக்கு 75 படுக்கையோட ஒரு நிலையம் வேணும்னாங்க, அதுவரைக்கும் தற்காலிகமா 40,000 பேருக்கு ஒண்ணாவது இருக்கட்டும்னாங்க. 1952ல சமுதாய வளர்ச்சித் திட்டம் வந்தப்ப பிளாக்குக்கு ஒண்ணுன்னு ஆரம்பிச்சாங்க. பத்து வருஷம் கழிச்சு நம்ம ஏ.எல்.முதலியார் கமிட்டி, இருக்கறதை முதல்ல பலப்படுத்துங்க, ஒரு நிலையத்துக்கு 40,000 பேருக்கு மேல போகக்கூடாதுன்னு எழுதுச்சு. 30,000 கணக்கு எல்லாம் அப்புறமா வந்தது.

நடைமுறை வேற. ஊர்லேர்ந்து மனு, எம்.எல்.ஏ கடிதம் எல்லாம் போகும், மாவட்ட சுகாதார அலுவலகத்துலேர்ந்து கருத்துரு கேப்பாங்க, அதுல மக்கள்தொகை எவ்வளவு, பக்கத்து பி.எச்.சி எத்தனை கிலோமீட்டர், எந்தெந்த சப் சென்டரைப் பிரிச்சு புதுசுல சேக்கறதுன்னு எழுதுவோம். அது சென்னைக்கு டி.பி.எச், அதாவது பொது சுகாதாரத் துறை இயக்குநர் ஆபீசுக்குப் போகும், சட்டசபையில மானியக் கோரிக்கை அப்ப அமைச்சர் அறிவிப்பார், அப்புறம் ஜி.ஓ. அதுவரைக்கும் எந்த ஊர் சுத்துவட்டாரம்னுதான் முடிவாகியிருக்கும். எந்த சர்வே நம்பர்னு முடிவாகறது அதுக்கு அப்புறம்தான், அதுதான் உங்க பிரச்சனை.

ஏன்னா கட்டடத்துக்கு பணம் வரும், நிலத்துக்கு பணம் வராது. நிலம் ஓசியா வேணும். வி.ஏ.ஓ எந்த நிலம் யாரோடதுன்னு இருக்கிற அ-பதிவேட்டைப் பிரிப்பார், ஊருக்குள்ள இருக்கிற நத்தமெல்லாம் எப்பவோ வீடாயிருக்கும், ஏரி, வாய்க்கால் புறம்போக்கைத் தொட முடியாது, 2007லயே ஏரி ஆக்கிரமிப்பு அகற்ற சட்டம் போட்டாச்சு, கோர்ட்டும் விடாது. மிச்சம் என்ன இருக்கும்? யாருக்கும் வேணாம்னு கெடக்கற கல்லாங்குத்து, தரிசு. அதுதான் ஊருக்கு ரெண்டரை கிலோமீட்டர் வெளிய இருக்கு. வேணும்னே யாரும் தூரத்துல வைக்கல தம்பி, வேற இடத்தை யாரும் தேடல, அவ்வளவுதான்.

நொய்யல்:
வணக்கமுங்க. நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. புதுசா கட்டோணும்னே ஏன் நிக்கறோம்? 2011 சென்சஸ்படி நம்ம மாநிலத்துல கிராமத்து ஜனம் 3.72 கோடி. 30,000ல வகுத்தா 1,241 வருதுங்க. நம்மகிட்ட கிராமப்புற பி.எச்.சி 1,400க்கு மேல ஏற்கனவே இருக்குது. டெல்லி கணக்குப்படி நமக்கு தேவைக்கு மேலயே இருக்குதுங்க. அப்ப இருக்கற எடத்துல டாக்டரு ஒழுங்கா இருக்காங்களா, லேப் டெக்னீசியன் இருக்காங்களான்னு பாக்கறத உட்டுப்போட்டு கட்டடம் கட்டி ரிப்பன் வெட்டறதுல என்ன புண்ணியம்? பிரஷர், சுகர் மாத்திரை 2021லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவம்னு ஊட்டுக்கே வருது. அந்தப் பணத்துல 11 கிலோமீட்டருக்கு இன்னும் நாலு நடை பஸ் உட்டா அம்மா நேரத்துக்கு போய்ட்டு வந்துருவாங்கல்லங்க.

ஏரிக்கரை:
அண்ணே நீங்க சொல்ற 1,241 கணக்கு எனக்கு புதுசு, நன்றி. ஆனா அது சராசரி. மாநிலத்துக்கு மொத்தமா மிச்சம் இருக்குன்னா எங்க ஏழு ஊருக்கு மிச்சம் இருக்குன்னு ஆகுமா? மாத்திரை வீட்டுக்கு வருது உண்மைதான், எங்கம்மாவுக்கும் வருது, குடுக்கிற பொண்ணு தங்கமான பொண்ணு. நாய்க்கடி ஊசி வீட்டுக்கு வராது. பிரசவம் வராது. ராத்திரி மூச்சு வாங்குனா யாரும் வரமாட்டாங்க.

பழைய எச்.ஐ:
நொய்யல் சொல்றதுல பாதி சரி. ஆனா அவர் வகுத்தது 2011 ஜனத்தொகையை. 2021ல எடுத்திருக்க வேண்டிய சென்சஸ் கொரோனாவுல தள்ளிப்போச்சு. ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், திருப்பூர் சுத்துவட்டார கிராமங்களை நினைச்சுப் பாருங்க, லைன் வீட்ல எத்தனை வெளி மாநிலத்துக்காரங்க இருக்காங்க. அவங்க யாரும் பழைய கணக்குல அந்த ஊர்ல கிடையாது. நான் கடைசியா வேலை பாத்த இடத்துல மில்லு ஹாஸ்டல் பிள்ளைங்க மட்டும் எக்கச்சக்கம், கருத்துருல அவங்களை சேக்க ஒரு கட்டம் கிடையாது, நான் கீழ தனியா குறிப்புன்னு போட்டு எழுதுனேன். அதை மேல யாராவது படிச்சாங்களான்னு இன்னிக்கும் மனசுல ஓடும்.

கணக்குப்புள்ள:
நான் மேப் வேலை பாக்கறவன், க்யூ.ஜி.ஐ.எஸ், ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் இதெல்லாம். தூரம்னு எழுதறோமே, அதை எப்படி அளக்கறாங்கங்கறதுலயே பாதி விஷயம் இருக்கு. மேப்ல ஒரு புள்ளி வச்சு 5 கிலோமீட்டர் வட்டம் போட்டா அழகா எல்லா ஊரும் உள்ள வந்துரும், ஆனா நடுவுல ஒரு ஆறு ஓடுனா? கொள்ளிடத்துக்கு இந்தக்கரையில நிக்கறவனுக்கு அந்தக்கரை ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரியும், பாலம் இருக்கிற இடத்துக்குப் போய் சுத்தி வர்றதுக்குள்ள கால்வாசி நாள் போயிரும். ரயில்வே கேட், நாலுவழிச்சாலை இதெல்லாமும் ஆறு மாதிரிதான், பைபாஸ் போட்ட பிறகு குறுக்க தாண்ட முடியாம எத்தனை ஊர் ரெண்டா கெடக்குதுன்னு பாருங்க.

அதுக்கு மேல, நடந்து போற நேரம் ஒண்ணு, பைக்ல போற நேரம் ஒண்ணு, பஸ்ஸுக்கு காத்திருந்து போற நேரம் ஒண்ணு. ஆஸ்பத்திரிக்கு அதிகமா போறது யாரு? வயசானவங்க, புள்ளத்தாச்சி பொண்ணுங்க, கைக்குழந்தைக்காரங்க. இவங்ககிட்ட பைக் சாவி இல்ல. ஆனா இடம் பாக்க வர்றவங்க எல்லாரும் ஜீப்ல வர்றாங்க, ஜீப்ல வந்தா குவாரி ஏழு நிமிஷம்தான்.

ஏரிக்கரை, உங்க ஏழு ஊர் பேரும் தனியா அனுப்புங்க, நான் பஸ் ரூட்டோட போட்டுப் பாக்கறேன்.

ஜவ்வாது:
சமவெளிக்காரங்க கிலோமீட்டர் பேசறீங்க, நாங்க மலையில இருந்து ஒரு வார்த்தை. 20,000 பேருக்கு ஒண்ணுன்னு சலுகை குடுத்திருக்காங்க, ஆனா மலையில 20,000 பேரு எத்தனை எடத்துல செதறி கெடக்கறாங்கன்னு வந்து பாத்தாதான் தெரியும். ஒரு ஊருன்னா பத்து வீடு, அடுத்த பத்து வீடு அடுத்த சரிவுல. அதனாலதான் மலை, பாலைவன மாவட்டங்கள்ல சில எடத்துக்கு மட்டும் ஆள் கணக்கை விட்டுட்டு, வீட்லேர்ந்து அரை மணி நேரம் நடந்தா சப் சென்டர் வரணும்னு மத்திய அரசு ஒரு விதி கொண்டு வந்துச்சு. என்னைக் கேட்டா நாட்டுக்கே அந்த ஒரு விதி போதும்.

2023 மே மாசம் வேலூர் அல்லேரி மலையில ஒன்றரை வயசுக் குழந்தையை பாம்பு கடிச்சுது, ரோடு இல்ல, கீழ கொண்டு போறதுக்குள்ள உயிர் போச்சு, திரும்பி வரும்போது ஆம்புலன்ஸ் பாதியிலயே இறக்கி விட்டுடுச்சு, பெத்தவ பிணத்தைக் கையில தூக்கிக்கிட்டு மலை ஏறுனா. நாங்க அந்த பக்கத்து மலைதான். இதை டைப் பண்ணும்போதே கை நடுங்குது. ஆஸ்பத்திரி எங்க கட்டறதுன்னு கேக்கறதுக்கு முன்னாடி ரோடு எங்க முடியுதுன்னு கேளுங்க. ரோடு போடறது ஒரு டிபார்ட்மெண்ட், வனத்துறை அனுமதி ஒரு டிபார்ட்மெண்ட், ஆஸ்பத்திரி இன்னொரு டிபார்ட்மெண்ட். மூணு பேரும் ஒரே மேப்பை விரிச்சு உக்காந்து நான் பாத்ததில்ல.

நர்ஸக்கா:
நான் கிராம சுகாதார செவிலியர், நாகை பக்கம். இடம் பாக்க வரும்போது எங்களை யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா அங்க உக்காரப்போறது நாங்கதான். அதனால நான் பாத்ததை சொல்றேன்.

செவ்வாய்க்கிழமை ஏ.என் கிளினிக், கர்ப்பிணிங்க எல்லாம் வருவாங்க. என் ஏரியா பொண்ணுங்க ஒன்பது மணி பஸ்ல இறங்கி ஒரு கிலோமீட்டர் வெயில்ல நடந்து வந்து உக்காரும்போது பி.பி பாத்தா ஏறியே இருக்கும், பத்து நிமிஷம் உக்கார வச்சு தண்ணி குடுத்துட்டு திரும்ப பாப்பேன், இறங்கியிருக்கும். ஏழு மாசத்துக்கு மேல ஆச்சுன்னா நடக்க மாட்டாங்க, பஸ் ஸ்டாண்டுல இறங்கி எதுத்தாப்புல இருக்கிற தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயிருவாங்க. அங்க ஸ்கேனுக்கும் மாத்திரைக்கும் காசு, கழுத்துல கெடக்கறது அடகுக்குப் போவும். ஒரு கிலோமீட்டர் நடையில இவ்வளவு இருக்கு, உங்களுக்கு ரெண்டரை.

ராத்திரி டியூட்டி பத்தி யாரும் பேசல. 24 மணி நேரமும் பிரசவம் பாக்கணும், மூணு ஸ்டாஃப் நர்ஸ் ஷிப்ட் போட்டு இருப்பாங்க, ராத்திரின்னா ஒரு நர்ஸும் ஒரு உதவியாளரும். குவாரி பக்கத்துல, சுத்தி ஒரு வீடு இல்லாத எடத்துல ரெண்டு பொம்பளைங்க எப்படி இருப்பாங்க? குடிச்சிட்டு வந்து ஒருத்தன் கதவைத் தட்டுனா கூப்பிட ஆள் வேணாமா? அந்த மாதிரி எடத்துக்கு போஸ்டிங் போட்டா ஆறே மாசத்துல டிரான்ஸ்பர் கேட்டுப் போயிருவாங்க, அப்புறம் நர்ஸ் இல்லன்னு பிரசவம் பாக்க மாட்டாங்க, பிரசவம் இல்லன்னு ரிப்போர்ட்ல இந்த நிலையத்துக்கு ஆளே வர்றதில்லன்னு எழுதுவாங்க.

தண்ணியையும் பாருங்க. நான் முன்னாடி இருந்த சப் சென்டர் வயலுக்குப் பக்கத்துல தாழ்வா இருந்துச்சு, ஐப்பசி மழைக்கு முட்டிக்கால் தண்ணி, தடுப்பூசி பெட்டியைத் தலையில வச்சுக்கிட்டு வரப்புல நடந்திருக்கேன். தண்ணி தேங்குற இடம், குப்பை கொட்டுற இடம், மாட்டுக்கொட்டகை பக்கத்துல வைக்கக்கூடாது, ஊருக்கு நடுவுல எல்லா காலத்துலயும் போற ரோடு இருக்கணும்னு இந்திய பொது சுகாதாரத் தரம்னு இருக்கே, அந்தப் புத்தகத்துலயே போட்டிருக்கு. மனு எழுதும்போது அந்த வரியை அப்படியே எழுதுங்க. நாமளா கேட்டா மனு, அவங்க விதியைக் காட்டி கேட்டா பதில் சொல்லியே ஆகணும்.

வார்டு மெம்பர்:
நர்ஸக்கா சொன்னது நூத்துக்கு நூறு. நான் தென்காசி பக்கம், ஒரு தடவை பஞ்சாயத்து மெம்பரா இருந்தேன். எங்க ஏரியாவுக்கு சப் சென்டர் கட்டடம் சாங்ஷன் ஆச்சு. ரெண்டு ஊருக்கும் சண்டை, எங்கூர்லதான் வரணும்னு அவனும் எங்கூர்லதான்னு இவனும். ஆளுக்கொரு தீர்மானம், ஆளுக்கொரு மந்திரி. மூணு வருஷம் இழுத்து, பணம் வேற ஒன்றியத்துக்குப் போயிட்டு. இப்பவும் ஊர்க்காரங்க ரெண்டு பேரும் மினி பஸ்ல ஒண்ணா நெருக்கியடிச்சுக்கிட்டுதான் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. ஏரிக்கரை அண்ணாச்சி, முதல்ல உங்க ஏழு ஊரும் ஒரே இடத்தை சொல்லணும், அதுல பிசகுனா எல்லாம் போச்சு.

இன்னொண்ணு, இதை எல்லாரும் தெரிஞ்சுக்கிட்டே பேசாம விடுவாக. ஊருக்குள்ள ஒரு பெரிய மனுஷன் நிலத்தை தானமா தாரேன்னு வருவாரு. சந்தோஷமா வாங்கிருவாக. அந்த இடம் அவரு தெருவுக்கு நடுவுல இருக்கும். காலனி சனங்க அந்தத் தெரு வழியா வரணும்னா எத்தனை ஊர்ல இன்னும் மனசு ஒடுங்கித்தான் வாராக. எங்க பக்கம் ஒரு கர்ப்பிணிப் பொண்ணு, பக்கத்துலயே நிலையம் இருந்தும், பேச்சு வாங்க முடியாதுன்னு அடுத்த ஊருக்குப் போயி மாத்திரை வாங்கிட்டு வந்ததை என் கண்ணால பாத்தேன். ரோட்டு மேல, எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாத இடமா பாருங்க. எல்லாரும் நிமிர்ந்து நடந்து வர்ற மாதிரி இருக்கணும்.

நொய்யல்:
இத நான் யோசிக்கலீங்க. கட்டடம் வேண்டாம்னு சொன்னதை வாபஸ் வாங்கறேன், ஆனா ஆளைப் போடோணும்னு சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன். கேரளாவுல பஞ்சாயத்துக்கு ஒரு நிலையம்னு வச்சிருக்காங்களே, அதே மாதிரி நம்முளும் கேட்டா என்னங்க?

கணக்குப்புள்ள:
அங்க கிராமப் பஞ்சாயத்து மொத்தமே 941. நமக்கு 12,500 கிட்ட. நம்ம பஞ்சாயத்து ஒண்ணுக்கு சராசரி 3,000 பேர்கூட வராது, அவங்களுது ஒண்ணு நம்மள்ல ஏழெட்டுக்கு மேல வரும். அதனால எண்ணிக்கையை அப்படியே ஒப்பிட முடியாது. ஆனா அங்க நிலையத்தை பஞ்சாயத்து கையிலயே குடுத்திருக்காங்க, எந்த இடம்னு உள்ளூர்லயே உக்காந்து பேச முடியும். அதை நாம கேக்கலாம்.

ஏரிக்கரை அனுப்பின ஊரெல்லாம் போட்டுப் பாத்தேன். குவாரி இடம் வட்டம் போட்டா ஏழு ஊருக்கும் நடுவுலதான் வருது, அதனாலதான் தேர்ந்தெடுத்திருப்பாங்க, ஆபீஸ்ல பாத்தா குத்தமே சொல்ல முடியாது. ஆனா பஸ் ரூட்டைப் போட்டா அஞ்சு ஊர் பஸ்ஸும் ஒரே கூட்டுரோட்டைத் தாண்டித்தான் போகுது. கூட்டுரோட்டுல வச்சா அந்த அஞ்சு ஊர்க்காரங்களும் இறங்கினா ஆஸ்பத்திரி. மீதி ரெண்டு ஊருக்கு கொஞ்சம் தூரம் கூடும், அவங்களுக்கு மினி பஸ் கேளுங்க, இல்லன்னா அங்க இருக்கிற சப் சென்டர்ல ஒரு நாள் ஒதுக்கி டாக்டர் வர்ற மாதிரி கேளுங்க. அந்த ரெண்டு ஊரை மறந்துட்டு மனு எழுதிராதீங்க.

அயனாவரம்:
சென்னையில இருந்து சின்னதா ஒண்ணு. 2023 ஜூன்ல மாநிலம் முழுக்க நகர்ப்புற நலவாழ்வு மையம் 500 ஒரே நாள்ல திறந்தாங்க, எங்க வீட்டுக்குப் பக்கத்துலயும் ஒண்ணு. மாநகராட்சியோட சின்ன இடத்துலதான் இருக்கு, பெரிய கட்டடம் இல்ல. ஆனா காலைல 8லேர்ந்து 12, சாயங்காலம் 4லேர்ந்து 8 மணி வரைக்கும். வீட்டு வேலைக்குப் போற அக்காங்க வேலை முடிச்சுட்டு ஏழு மணிக்கு வர்றாங்க. இடம் எவ்வளவு முக்கியமோ நேரமும் அவ்வளவு முக்கியம், உங்க மனுவுல அதையும் சேருங்க.

பழைய எச்.ஐ:
தம்பி ஏரிக்கரை, இப்ப காரியத்துக்கு வருவோம். ரெவின்யூல முன் நுழைவு அனுமதி, அதாவது நிலம் முறைப்படி கைமாறுறதுக்கு முன்னாடியே உள்ள போய் வேலை ஆரம்பிக்க அனுமதி, குடுத்துட்டா அப்புறம் மாத்தறது ரொம்ப கஷ்டம், அதுக்கு முன்னாடி ஓடணும். வெறும் எதிர்ப்பு மனுவா குடுக்காதீங்க, எதிர்ப்புன்னு வந்தா ஊருக்கே வேணாமாம்னு எழுதி ஃபைலை மூடிருவாங்க. இந்த சர்வே நம்பருக்குப் பதிலா இந்த சர்வே நம்பர்னு கையில வச்சுக்கிட்டு போங்க. கூட்டுரோட்டுப் பக்கம் பழைய ஒன்றியக் கட்டடம், பள்ளிக்கூட மிச்ச இடம், கூட்டுறவு குடோன், எதாவது பயன்படாம கெடக்கும். வி.ஏ.ஓகிட்ட அ-பதிவேடு, எப்.எம்.பிங்கற நில அளவை வரைபடம் ரெண்டும் கேட்டுப் பாருங்க. அக்டோபர் 2 கிராம சபை வருது, அதுல எல்லா பஞ்சாயத்துலயும் ஒரே வாசகத்துல தீர்மானம் போடுங்க, ஒரு எழுத்து மாறக்கூடாது.

ஏரிக்கரை:
மூணு வாரமா இங்க வர முடியல, மன்னிக்கணும். நடந்ததை சொல்லிடறேன்.

கூட்டுரோட்டுல ஒன்றியத்துக்கு சொந்தமான ஒரு பழைய கட்டடம் ஓடு சரிஞ்சு பதினெட்டு வருஷமா பூட்டியே கெடந்துச்சு, நாங்க தினம் அது முன்னாடிதான் பஸ் ஏறுவோம், ஒருத்தருக்கும் தோணல. பதிவேட்டுல பாத்தா பின்னாடி முள்ளுக்காட்டையும் சேர்த்து 70 சென்ட். ஏழு ஊரும் நாலு பஞ்சாயத்துல வருது. நானும் இன்னும் ஆறு பேரும் ராத்திரி ராத்திரியா ஊர் ஊரா போனோம், கணக்குப்புள்ள போட்டுக் குடுத்த மேப்பை கலர் ஜெராக்ஸ் எடுத்து டீக்கடையில ஒட்டுனோம். அதைப் பாத்துட்டு ஒரு பாட்டி, இதுல என் வீடு எங்கடான்னு கேட்டு விரல் வச்சுப் பாத்துச்சு, அப்புறம் விரலாலயே கூட்டுரோடு வரைக்கும் நடந்து பாத்துட்டு சரின்னு சொல்லுச்சு.

அக்டோபர் 2ல மூணு பஞ்சாயத்து தீர்மானம் போட்டாச்சு. நாலாவது, அந்தத் தள்ளி இருக்கிற ரெண்டு ஊர் பஞ்சாயத்து, போட மாட்டேன்னுட்டாங்க. அவங்க கோவம் நியாயம்தான், நானா இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன். மறுபடி போய் பேசி, மினி பஸ்ஸும் வாரம் ஒரு நாள் டாக்டரும் எங்க மனுவுலயே முதல் கோரிக்கையா எழுதி அவங்க முன்னாடியே கையெழுத்து போட்டோம். நவம்பர் 1 கிராம சபையில வைக்கிறோம்னு சொல்லியிருக்காங்க. மூணு தீர்மானத்தையும் தாலுகா ஆபீஸ்ல குடுத்து ரசீது வாங்கிட்டேன். வர்ற வியாழக்கிழமை சர்வேயர் கூட்டுரோட்டு இடத்தையும் அளக்க வர்றார். குவாரி இடத்தை இன்னும் ரத்து பண்ணல, ரெண்டையும் சேர்த்துதான் மேல அனுப்புவாங்களாம். 70 சென்ட் போதுமான்னு மட்டும் யாராவது சொல்லுங்க.

நர்ஸக்கா:
ஓடு சரிஞ்ச கட்டடத்தை இடிச்சா தாராளமா ஆரம்பிக்கலாம் தம்பி, மேல மாடி எடுத்துக்கலாம். சர்வேயர் வரும்போது நீங்க கூடவே நில்லுங்க. கூட்டுரோடுங்கறதால பஸ் நிக்கிற எடமும் வாசலும் ஒண்ணா வந்துரும், ஆம்புலன்ஸ் உள்ள வந்து திரும்புற அளவுக்கு பக்கவாட்டுல தனி வழி விட முடியுமான்னு அன்னிக்கே அளந்து பாத்துக்குங்க. அப்புறம் மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு அந்தப் பாட்டிகிட்ட கேளுங்க, அவங்களுக்குத் தெரியும்.